டொக்கம்மாவின் முன்பல்

வாஷ்பேசின் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குத் தட்டிப் பார்க்கும் வேலை. சூளையில் வெந்து வரும் ஒவ்வொரு பேசினையும் சின்ன மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பாள். 'கணீர்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ விரிசல். உடனே "டொக்கு!" என்று கத்துவாள். இரண்டு பேர் வந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் உடைசல் குவியலில் போடுவார்கள். கத்திக் கத்தியே அவளுக்கு டொக்கம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேசின் கைநழுவி அவள் மேல்வரிசை முன்பல்லில் மோதி, பாதிப் பல் போய்விட்டது. அன்றைக்கு யாரோ ஒரு மருத்துவர் அதற்கு உறை போட்டுவிட்டார். உள்ளே உலோகம், மேலே பீங்கான் பூச்சு. சில வருஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு வந்தது. ஈறு சிவந்து தடித்தது. பல் துலக்கினால் ரத்தம். அரிப்பு வேறு. நாக்கின் நுனியால் அந்த ஈறைத் தேய்த்துக்கொண்டே இருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிவிடும் உடம்பு அவளுடையது. அதையும் இதையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆப்பிளைக் கடித்தாள். வாய்க்குள் 'டொக்' என்றது.

சத்தம் வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு ஓடினாள். பீங்கானின் ஓரம் பெயர்ந்து, சாம்பல் நிறத்தில் உலோகம் எட்டிப் பார்த்தது.

"என்ன அண்ணி, ஊரு பேசினெல்லாம் தட்டிப் பாத்தீங்க. கடைசில உங்க வாயிலயே டொக்கு விழுந்துடுச்சே!" என்றாள் நாத்தனார். மாடி வீட்டுக்காரி. கையில் தட்டோடு இறங்கி வந்தவள், சண்டை கிடைக்குமா என்று ஆவலாகப் பார்த்தாள்.

புருஷன் தையல்காரர். முன்னறையில்தான் அவருடைய மிஷின். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவள் வாயை எட்டிப் பார்த்தார். "அந்த இடத்துல மட்டும் ஒட்டுப் போட முடியாதா?"

"இது என்ன பேண்ட்டா, ஒட்டுப் போட?"

மறுநாள் மாலை பல் மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் அவளைவிட வயதில் சின்னவள். வேகமாகப் பேசுகிறவள், ஆனால் வாய்க்குள் கை வைத்தால் மெதுவாகிவிடுகிறவள். ஈறைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், தோடு பற்றி இரண்டு கேள்வி கேட்டாள்.

"அக்கா, உங்க உடம்புக்குச் சில உலோகம் ஒத்துக்கல. அந்தத் தோட்டுல இருக்கிறதுதான் இந்த உறைக்குள்ளயும் கலந்திருக்கணும். காது அழுத மாதிரி ஈறும் அழுதிட்டிருக்கு. இதைக் கழட்டிட்டு உலோகமே இல்லாத உறை போடலாம். முழுக்க செராமிக்."

"செராமிக்குன்னா பீங்கான்தானே?"

"ஆமா, அந்தக் குடும்பம்தான்."

டொக்கம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டரம்மா, நான் சோறு திங்கறதே பீங்கான்ல. அதோட குணம் எனக்குத் தெரியும். இந்தா ஆப்பிளுக்கே உடைஞ்சுது. உலோகம் தாங்கிப்பிடிச்சே இந்தக் கதின்னா, வெறும் பீங்கானை வெச்சு என்ன பண்றது? தங்கத்துல போட்டுடுங்க. தங்கம் என்னை ஒண்ணும் பண்ணாது."

"முன்பல்லுலயா?" என்றார் புருஷன் பயந்துபோய். "வாயைத் திறந்தா நகைக்கடை மாதிரி இருக்குமே."

மருத்துவர் சிரித்தாள். வாதம் செய்யவில்லை. "பக்கத்துச் சந்துல பல் செய்யற லேப் இருக்கு. என் வேலையெல்லாம் அங்கதான் போகுது. உங்க லீவு நாள்ல போய் ஒருதரம் பாருங்க. நான் சொல்லி வெக்கறேன். பாத்துட்டு வந்தும் தங்கம்தான்னு சொன்னா தங்கமே போட்டுடறேன்."

லேப் என்றால் பெரிய இடம் என்று நினைத்திருந்தாள். ஒரு கூடம், இரண்டு மேஜை, ஒரு ஜன்னல். மூலையில் குளிர்பெட்டி அளவில் ஓர் இயந்திரம். அலமாரி முழுக்க உடம்பில்லாத பல் வரிசைகள் அவளைப் பார்த்து இளித்தன. பல் செய்கிறவர் முப்பத்தைந்து நாற்பது வயதுக்காரர். நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடி, விரல் நகத்தில் வெள்ளைத் தூள்.

"வாங்கக்கா. பீங்கானை நம்பமாட்டேங்கற அக்கா நீங்கதானே?"

சாக்பீஸ் மாதிரி வெளுத்த வட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதிலிருந்து குடைந்தெடுத்த பல் ஒன்றையும் கொடுத்தார். "இதுதான் ஜிர்கோனியா. இன்னும் வேகாதது."

டொக்கம்மா நகத்தால் லேசாக அழுத்தினாள். பல்லின் விளிம்பு மாவாக உதிர்ந்தது. "ஐயையோ!"

"பரவால்லக்கா, அது வேண்டாம்னு ஒதுக்கினதுதான். இப்ப இதைப் பிடிங்க. அதே சரக்கு. வெந்து வந்தது." இன்னொரு பல்லை இரும்புப் பட்டையின்மேல் வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து மரச்சுத்தியலை எடுத்து நீட்டினார். "உங்க வேலையை நீங்க பாருங்க."

அவள் முதலில் பயந்து பயந்து தட்டினாள். பிறகு தொழிற்சாலையில் தட்டுவதுபோலத் தட்டினாள். பிறகு, யார்மேலோ கோபம்போல ஓங்கி ஒரு போடு போட்டாள். பல் துள்ளி விழுந்து மேஜைக்கடியில் உருண்டது. இருவரும் குனிந்து தேடினார்கள். அவள்தான் கண்டெடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. பார்த்தால் சுத்தியலின் மரமுனையில்தான் சின்னக் குழி விழுந்திருந்தது.

அவள் நகத்துக்கு உதிர்ந்த மாவையும் சுத்தியலுக்கு மசியாத பல்லையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மண் வெந்தால் கெட்டியாகும் என்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த அளவுக்கா?

"வேகும்போது சுருங்குமே?" என்று கடைசியில் கேட்டாள்.

பல் செய்கிறவரின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "சுருங்கும். அஞ்சுல ஒரு பங்கு போயிடும்."

"எங்களுக்கு அதுல பாதி. அதுக்கே நாங்க படற பாடு... அடி இழுத்துக்கும், விளிம்பு தொங்கும். ஒரே அச்சுல ஊத்தின ரெண்டு பேசின் ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது. நீங்க இத்துனூண்டு பல்லை எப்படி அளவுக்குக் கொண்டுவர்றீங்க?"

"எவ்வளவு சுருங்கும்னு வட்டுலயே எழுதி வரும். அவ்வளவு பெருசா குடைவேன். எல்லாப் பக்கமும் சமமா சுருங்கி வரும்."

"எல்லாப் பக்கமுமா?"

"எல்லாப் பக்கமும்."

"நான் நம்பலை," என்றாள். நம்ப ஆசையாக இருந்த குரலில் சொன்னாள். "என் பல்லை உலைல வெக்கும்போது என்னைக் கூப்பிடணும். எடுக்கும்போதும் கூப்பிடணும்."

அடுத்த வாரம் மருத்துவர் பழைய உறையைக் கழற்றினாள். டொக்கம்மா கேட்டுக்கொண்டபடி கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். உள்ளே, குச்சிபோல ராவி விடப்பட்ட அவளுடைய சொந்தப் பல் நின்றுகொண்டிருந்தது. கறை ஏறி, பழுப்பாக, கட்டையாக. இத்தனை வருஷமாக இது இருட்டில் நின்று சுமந்துகொண்டிருந்தது என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. பல் போய்விட்டது என்றல்லவா இருந்தாள்.

"உயிரோட இருக்கா?"

"நல்லா இருக்கு. அதுதான் உங்க சொத்து," என்றாள் மருத்துவர்.

ஈறு ஆறும்வரை பிளாஸ்டிக்கில் ஒரு தற்காலிக உறை. மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். தினமும் காலையில் உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அரிப்பு நின்றது. ஒருநாள் நாக்கு பழக்கத்தில் அங்கே போய், தேய்க்க ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

நிறம் பார்க்கும் நாளில் நாத்தனாரும் கூடவே வந்தாள். மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு டொக்கம்மாவை ஜன்னலோரம் நிறுத்தி, சாவிக்கொத்துபோல் கோத்திருந்த மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக உதட்டருகே வைத்துப் பார்த்தாள்.

"இருக்கிறதுலயே வெள்ளையா வையுங்க டாக்டர்," என்றாள் நாத்தனார். "போடறதே போடறோம், பளிச்சுன்னு இருக்கட்டும்."

"பளிச்சுன்னு இருந்தா பல்லு மாதிரி இருக்காது, எங்க ஃபேக்டரி கக்கூஸ் மாதிரி இருக்கும்," என்றாள் டொக்கம்மா.

பல் செய்கிறவரும் வந்திருந்தார். உருப்பெருக்கியை இறக்கிக்கொண்டு அவளுடைய பக்கத்துப் பல்லையே உற்றுப் பார்த்தார். படம் எடுத்தார். காகிதத்தில் வரைந்தார். "அக்கா, இந்தப் பல்லுல எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? ஈறுகிட்ட தேன் நிறம். நடுவுல பால். நுனில வெளிச்சம் உள்ள போய் நீலமா நிக்குது. இங்க பாருங்க, மூடுபனி மாதிரி ஒரு புள்ளி. அப்புறம் ஒரு மயிரிழைக் கோடு."

"விரிசலா?" என்று பதறினாள்.

"எல்லார் பல்லுலயும் இருக்கும். வயசுக்கோடு. கெடுதல் இல்ல."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். தினமும் துலக்கின பல். ஊர்ப்பட்ட பேசின்களில் ஊசிமுனைப் புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண், தன் வாயிலேயே இருந்த இந்த நீலத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

சொன்னபடியே லேபிலிருந்து அழைப்பு வந்தது. குடைந்தெடுத்த அவளுடைய பல் தட்டில் இருந்தது. பெரிசாக, வெளிறிப்போய், குதிரைப் பல் மாதிரி. "இது எனக்கா?" என்று சிரித்துவிட்டாள். பல் செய்கிறவர் கைப்பிடி அளவு உலையின் தட்டில் அதை வைத்து மேலே ஏற்றினார். மணிக்கணக்கில் வேகவேண்டும், மணிக்கணக்கில் ஆறவேண்டும். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் நுழைந்தாள்.

உலையின் தட்டு இறங்கியது. அதன் நடுவில் ஒரு பல்.

குதிரைப் பல் இல்லை. அவளுடைய பல்.

பல் செய்கிறவர் அதை எடுத்து, அவளுடைய வாயின் அச்சில் வார்த்த கட்டையின்மேல் வைத்து விரலால் அழுத்தினார். 'டிக்' என்று போய் உட்கார்ந்தது. ஆடவில்லை. தன் கையால் அசைத்துப் பார்த்தாள். விளிம்பை நகத்தால் தடவினாள். எங்கே கட்டை முடிந்து எங்கே பல் தொடங்குகிறது என்று நகத்துக்குத் தெரியவில்லை. அத்தனை சூட்டில் கிடந்து, தன்னில் ஐந்தில் ஒரு பங்கைக் கரைத்துவிட்டு, சொல்லிவைத்த இடத்தில் வந்து நின்றிருக்கிறது.

"கணக்கு தப்பலையே!" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பல்லுக்கா அழுவார்கள் என்று வெட்கமாகவும் இருந்தது. "எங்க சூளையில சேர்ந்த நாள்லேருந்து பாக்கறேன் தம்பி. நெருப்பு யார் சொன்னதையும் கேக்காதுன்னு நெனச்சிருந்தேன்."

ஆனால் வாயில் பொருத்திப் பார்த்தபோது வேறு மாதிரி ஆயிற்று. விளக்கு வெளிச்சத்தில் நிறம் சரியாகவே இருந்தது. மருத்துவருக்குத் திருப்தி. டொக்கம்மா கைக்கண்ணாடியோடு ஜன்னலுக்குப் போனாள். நேராகப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். பல் செய்கிறவரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"டொக்," என்று மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வலிக்குது?" என்றாள் மருத்துவர்.

"வலி இல்ல டாக்டரம்மா. நிறமும் குறையில்ல. ஆனா... பக்கத்துப் பல்லு முழிச்சிட்டிருக்கு. இது தூங்குது."

"நானும் அதைத்தான் பாத்திட்டிருந்தேன்," என்றார் பல் செய்கிறவர். அவர் முகம் வாடவில்லை, கூர்மையாயிற்று. "அடில கறை இருக்கறதால வெளிச்சம் புகாத வட்டுல செஞ்சேன். கறை மறைஞ்சிடுச்சு. ஆனா வெளிச்சமும் வாசல்லயே திரும்பிப் போயிடுது."

"கண்ணாடி மாதிரி வெளிச்சம் புகற செராமிக் இருக்கே, அதுல செஞ்சா?" என்றாள் மருத்துவர்.

"அது அழகுதான். ஆனா மெல்லிசா துணி போட்ட மாதிரி அடில இருக்கற பழுப்பு தெரிஞ்சிடும்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். உள்பக்கம், கடிக்கிற விளிம்பு எல்லாம் ஜிர்கோனியாவே இருக்கட்டும். முன்முகத்துல மட்டும் கொஞ்சம் சீவிட்டு, நல்ல பீங்கானைப் படலம் படலமா ஏத்தறேன். வெளிச்சம் அதுக்குள்ள போய் விளையாடிட்டு வரும்."

"மறுபடியும் பூச்சா? அதுதானே உடைஞ்சுது?" என்றாள் டொக்கம்மா.

"முன்னாடி கடிக்கிற இடத்துலயும் பூசியிருந்தாங்க. நான் இடி வாங்காத இடத்துல மட்டும்தான் பூசுவேன். ஆனாலும் உடையவே உடையாதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். பூச்சில்லாம, இப்ப இருக்கற மாதிரியே போட்டா இன்னும் கெட்டி. நீங்கதான் சொல்லணும்."

மருத்துவரும் தலையசைத்தாள். "அவசரமில்ல அக்கா. வீட்டுக்குப் போய் யோசிங்க."

வீட்டுக்குப் போகவேண்டியிருக்கவில்லை. அவள் கண்ணாடியில் இரண்டு பல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டி என்றால் தெரிந்த விஷயம். இந்த நீலம் இப்போதுதான் தெரியவந்தது. தெரிந்தபிறகு அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"முழிக்கட்டும் தம்பி," என்றாள்.

பூச்சேறிப் பல் திரும்பி வந்த அன்று அவளோடு புருஷனும் நாத்தனாரும் சேர்ந்தே போனார்கள். மருத்துவர் அதைப் பொருத்தினாள். வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, இடிக்கும் இடத்தைத் துளி ராவி மெருகேற்றினாள். பிறகு பிசின் வைத்து ஒட்டி, நீல விளக்கைப் பிடித்து, கசிந்த பிசினை நூல் போட்டுத் துடைத்தாள். கடைசியில் கைக்கண்ணாடியைக் கொடுத்தாள்.

டொக்கம்மா ஜன்னலுக்குப் போனாள். உதட்டை ஏற்றினாள்.

அவளுக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது. எந்தப் பக்கத்துப் பல் புதிது என்று தெரியவில்லை. கண்ணாடியில் இடம் வலம் மாறும், அதனால் இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி பார்த்தாள். இரண்டிலும் தேன், இரண்டிலும் பால், இரண்டின் நுனியிலும் அந்த நீலம். ஒன்றில் மூடுபனிப் புள்ளி. மற்றதில் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி, அண்ணன் தம்பி மாதிரி, அச்சு அசல் இல்லாமல். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் குறையைத் தேடித் தேடிப் பார்த்தாள். கடைசியில் நாக்கை உள்பக்கம் கொண்டுபோய், வழவழப்பு எது என்று தடவித்தான் கண்டுபிடித்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. எது புதுப்பல்லு?"

தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துணியில் ஒரு நூல் விலகியிருந்தாலும் பிடிக்கிறவர். அரை நிமிஷம் பார்த்துவிட்டு, உறுதியாக விரலை நீட்டினார். "இது. லேசா மஞ்சளா இருக்கு பாரு. நல்லா செஞ்சிருக்காங்க, ஆனா தெரியுது."

அது அவளோடு பிறந்த பல்.

மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாத்தனார் அண்ணனை நகர்த்திவிட்டு, "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தானே பார்க்க வந்தாள். பார்த்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அண்ணி, கொஞ்சம் சிரிங்களேன்," என்றாள் கடைசியில், சண்டைக் குரலே இல்லாமல். டொக்கம்மா சிரித்தாள்.

பல் செய்கிறவர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவளுடைய சிரிப்பையே பார்த்தார், தான் செய்ததைப் பார்க்கிறவர் மாதிரி இல்லாமல், தெருவில் ஏதோ அதிசயத்தைப் பார்த்து நின்றுவிட்டவர் மாதிரி.

"இதை எப்படிப் பாத்துக்கணும்?" என்று கேட்டார் தையல்காரர்.

"உறையைப் பத்திக் கவலையில்ல. அது சொத்தையாகாது," என்றாள் மருத்துவர். "அடில இருக்கே அக்காவோட பல்லு, அது ஆகும். ஈறும் உறையும் சேர்ற இடத்துலதான் அழுக்கு தங்கும். ரெண்டு வேளை மெதுவா துலக்கணும். பல்லிடுக்குல நூல் விடணும், விட்டுட்டுப் பக்கவாட்டுல உருவணும், கீழ இழுக்கக்கூடாது. பாக்கெட் கிழிக்கிறது, மூடி திறக்கிறது எதுவும் பல்லால கூடாது. அப்பப்ப என்கிட்ட காட்டணும்."

"தையல் நூலைக் கடிக்கலாமா?" என்று டொக்கம்மா கேட்டாள். ராத்திரியில் அவருக்குப் பித்தான் தைத்துக் கொடுக்கும்போது நூலைப் பல்லால்தான் அறுப்பாள்.

மருத்துவர் பதில் சொல்வதற்குள் தையல்காரர் சொல்லிவிட்டார். "வீட்ல அத்தனை கத்திரிக்கோல் கெடக்கு. உனக்குன்னு ஒண்ணு தரேன்."

கிளம்பும்போது டொக்கம்மா பல் செய்கிறவரிடம் கேட்டாள். "தம்பி, நீங்க எங்க சூளையைப் பாத்திருக்கீங்களா?"

"பெரிய சூளையே பாத்ததில்லக்கா. என் உலைக்குள்ள என் கை போகாது."

மேலாளரிடம் அவளே போய்ப் பேசி அனுமதி வாங்கினாள். ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தொழிற்சாலையில் கொடுத்த தலைக்கவசம் கொஞ்சம் பெரிசாக இருந்தது. அவள் அவரைக் கூட்டிக்கொண்டு அச்சுக்கூடம், உலர்த்தும் கூடம் எல்லாம் தாண்டி நீளச் சூளைக்குப் போனாள். தெரு நீளத்துக்கு ஒரு செங்கல் குகை. தண்டவாளத்தில் தள்ளுவண்டிகள் ஒரு முனையில் வேகாத பச்சைப் பேசின்களோடு நுழைந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, மறுநாள் மறுமுனையில் வெந்து வெளியே வரும். சூளை அணைந்து அவள் பார்த்ததில்லை.

நடுவில் சுவரில் ஒரு கண்துளை. அதற்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. "இதுல கண்ணை வையுங்க. கை சுவத்துல படக்கூடாது."

அவர் குனிந்து பார்த்தார். "அக்கா, பேசினே இல்லையே. வெறும் வெளிச்சம்தான் இருக்கு," என்றார்.

"கொஞ்சம் இருங்க. கண்ணு பழகும்."

"இருங்க... விளிம்பு தெரியுது. ஒண்ணு. பின்னால இன்னொண்ணு. வரிசையா நிக்குது. வெளிச்சத்துக்குள்ளயே வெளிச்சமா நிக்குது." குரல் இறங்கிவிட்டது. "சுருங்கிட்டிருக்குமா இப்ப?"

"இப்பதான் சுருங்குது. நீங்க பாக்கப் பாக்க."

சூளைக்காரர் வந்து, அடுத்த வண்டி தள்ளும் நேரம் ஆயிற்று, கொஞ்சம் விலகிக்கொள்ளலாமா என்று கேட்டார். டொக்கம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் அண்ணே," என்றாள். "அவர் பாக்கட்டும்."